சாய்ந்த இறக்கைக் காத்தாடி

அந்தச் சாக்கு இன்னும் நாறுகிறது, மாப்ள. அம்மா சோப்புப் போட்டு அலசி மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டாள். வெயிலில் விறைத்து அட்டை மாதிரி ஆனதே தவிர நாற்றம் போகவில்லை. அழுகின ஆகாயத்தாமரை, பெட்ரோல், சேறு, எந்தெந்த வீட்டிலிருந்தோ வந்து விழுகிற சாக்கடை. "தூக்கிக் குப்பையில போடுடா, குடலைப் புரட்டுது" என்கிறாள். நான் போடவில்லை. பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தேன். வேலை முடிந்து டீக்கடை பெஞ்சில் என்னை இடித்துக்கொண்டு நீ உட்காரும்போது உன் சட்டையிலிருந்து வருமே, அதே நாற்றம். "தள்ளி உக்காருடா" என்பேன். "செண்டு மாப்ள, ஒரிஜினல்" என்று இன்னும் ஒட்டி உட்காருவாய்.

நம் படகின் உடைந்த காத்தாடியை அந்தச் சாக்கில் சுற்றித்தான் டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன். கடைக்காரர்கள் புரொப்பெல்லர் என்பார்கள். நமக்கு அது காத்தாடிதான். பரவை மார்க்கெட்டில் ஏறின வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வெங்காயத்தையும் தாண்டி அது நாறியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்த அக்கா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"என்ன தம்பி, மீனா?" என்றார் கண்டக்டர்.

"காத்தாடிண்ணே. படகுக் காத்தாடி."

"மதுரைக்குள்ள படகா? ஆத்துல தண்ணி வந்துருச்சா, எனக்குத் தெரியாமப் போச்சே!"

பஸ்ஸே சிரித்தது. நீ இருந்திருந்தால் அவரை அத்தோடு விட்டிருக்க மாட்டாய். நான் சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காத்தாடியின் அடிப்பக்கத்தில் கத்தியால் அறுத்தும் வராமல் இறுகிப்போயிருந்த துணி உன் லுங்கி. அதைச் சொல்லியிருந்தால் யார் சிரித்திருப்பார்கள்?

எழுமலைக்காரன் நீ. வானம் பார்த்த பூமி. முங்கிக் குளிக்கிற அளவுக்குத் தண்ணீரை எங்கள் ஊரில் ஆடு மாடுகூடப் பார்த்ததில்லை என்பாய். நீச்சல் தெரியாது. அப்படிப்பட்டவன் மதுரைக் கண்மாயில் படகோட்ட வந்தாய். முதலாளி உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "டிராக்டர் ஓட்டுவியா?" "ஓட்டுவேன்." "அப்ப இதையும் ஓட்டு." அவ்வளவுதான் இன்டர்வியூ. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி அலுத்துப்போய், அங்கே படகுகளைப் பழுது பார்க்கிற ஆளாக உனக்குக் கொஞ்சம் முன்னால் சேர்ந்திருந்தேன். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் எங்கள் அத்தா "என்ஜின் லைன்ல இருக்கான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

வந்த வாரமே என்னை மாப்ள என்றாய். "எந்த உறவுலடா நான் உனக்கு மாப்ள? நான் பாய் வீட்டுப் பையன்" என்றேன்.

"உனக்குத் தங்கச்சி இருக்கா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல. அப்பப் பிரச்சினையே இல்லையே மாப்ள, என்ன வேணாலும் கூப்பிட்டுக்கலாம்."

நம் கண்மாய் ஊருக்கு வெளியே இருந்ததாம். இப்போது ஊர் அதைச் சுற்றி வளைத்துவிட்டது. மழைத் தண்ணீர் வருகிற வாய்க்கால்களில் எல்லாம் வீடு. வீடுகளின் கழிவு எல்லாம் கண்மாயில். அதில் கொஞ்சம் பளிச்சென்று பெயின்ட் அடித்த படகுகளை மிதக்கவிட்டு, கரையில் பிளாஸ்டிக் பொம்மைகளை நிறுத்தி, சுற்றுலா என்று போர்டு வைத்தால் ஜனம் வருகிறது. ஏலம் எடுத்தவர் நம் முதலாளி. மிதிபடகுகள் தவிர ஒரே ஒரு மோட்டார் படகு. அது உன் படகு. ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஆரஞ்சுக் கலரில் மிதவைச் சட்டை. நீச்சல் தெரியாத உனக்குக் கிடையாது. "டிரைவர் சட்டை போட்டா பயணிக்குப் பயம் வரும்" என்பார் முதலாளி.

எனக்கு இன்னும் எரிகிற விஷயம் அந்தக் கடைசி சீட்டு.

நம்முடையது படகின் பின்பலகையைக் கவ்விக்கொண்டு நிற்கிற மோட்டார். அதைச் செய்தவன் முட்டாள் இல்லை. காத்தாடியில் ஏதாவது சிக்கினால் மோட்டாரின் தலையைப் படகுக்குள் சாய்த்தால் போதும். வால் தூக்கிக்கொண்டு காத்தாடி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டி அறுத்து எறியலாம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். நம் படகில் முடியாது. கூட இரண்டு பேர் ஏறட்டும் என்று முதலாளி பின்பலகையை ஒட்டி இரும்புச் சட்டம் அடித்து, மெத்தை போட்டு, நான்கு போல்ட்டால் தரையோடு முறுக்கியிருந்தார். மோட்டாரைச் சாய்த்தால் தலை அந்தச் சட்டத்தில் முட்டும். அதனால் சிக்கினபோதெல்லாம் நீ இறங்கினாய்.

என்னதான் சிக்காது? ஆகாயத்தாமரை வேர், வலைத்துண்டு, உரச்சாக்கு, முளைப்பாரி கரைத்தவர்கள் விட்டுப்போன பூச்சரம், செத்தவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பாய், தலையணை, சேலை. துணிதான் மோசம். சுற்றச் சுற்ற இறுகிக் கட்டையாகிவிடும். நெஞ்சளவு தண்ணீரில் மோட்டாரின் வாலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கறிவெட்டுகிற கத்தியோடு நீ குனிந்து மறைவாய். மேலே மிதவைச் சட்டை போட்ட பிள்ளைகள் உன்னை வீடியோ எடுக்கும். ஒரு தடவை ஒருத்தர், "அந்தக் கறுப்பன் முங்கி எந்திரிக்கிறான் பாரு, நீர்யானை மாதிரி" என்று தன் பிள்ளைக்குக் காட்டினார். நீ எழுந்ததும் அந்தப் பிள்ளைக்காகத் தண்ணீரைக் கொப்பளித்துக் காட்டினாய். கரையில் நின்ற எனக்கு அந்த ஆளைத் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

"உனக்கு ரோசமே வராதாடா?"

"விடு மாப்ள. எழுமலைல குளிக்கத் தண்ணி இல்ல. இங்கன ஓசில குளிக்கிறேன்."

அப்படிச் சொன்னாலும் உனக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கவில்லை. அதனால்தான் செல்போனில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தாய். டீக்கடையில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையால் மறைத்து எனக்கு மட்டும் காட்டினாய். உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். பெண் படம்தான் என்று நானும் ஆசையாக எட்டிப் பார்த்தேன். காத்தாடி!

"எம்புட்டு லட்சணமா இருக்கு பாரு" என்றாய். "மூணு ரெக்கையும் பின்னாடி சாய்ஞ்சு, நம்ம அருவா வளைஞ்ச மாதிரி. புல்லு, பாசி எது வந்தாலும் வழுக்கிக்கிட்டுப் போயிருமாம். நம்ம படகுக்குப் பாத்திருக்கிற பொண்ணு மாப்ள இது."

முதலாளியிடமும் காட்டினாய். அவர் செல்லை வாங்கி, பார்த்தது பாதி பார்க்காதது பாதியாக விரலால் தள்ளிவிட்டார். அடுத்த படம் நிஜப் பெண்ணுடையது. "இது பரவாயில்லையே" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சூட்டோடு சூடாகக் கடைசி சீட்டைக் கழற்றிவிடலாம் என்று சொன்னேன்.

"ஏன்டா, லவ்வர்ஸ் தேடி வந்து உக்கார்ற எடம் அது. அதைப் போய்க் கழட்டச் சொல்ற. வயித்தெரிச்சலாடா உனக்கு?"

காத்தாடியும் வரவில்லை, பெண்ணும் வரவில்லை. மாப்பிள்ளை படகு ஓட்டுகிறார் என்றதும் பெண் வீட்டார் "கடல்லயா?" என்று கேட்டார்களாம். கண்மாயில் என்று உங்கம்மா சொன்னதும் போனை வைத்தவர்கள்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பொய் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் காய்ச்சல் என்றாய். லீவுநாள் கூட்டம் என்று முதலாளி விடவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படகை எடுத்தாய். கெண்டைக்கால் கடுக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை என்றாய். கண் சிவந்தது. சாமியாடுகிறவன் கண் மாதிரி இருக்கிறது என்று நான்கூடக் கேலி செய்தேன். அப்புறம் மஞ்சளானது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் உன் கால்விரல் இடுக்குப் புண்ணைப் பார்த்துவிட்டு, "தண்ணியில எறங்குற வேலையா?" என்று கேட்டார். நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியாக உள்ளே போனால் வருமாம். அதற்குள் உன் சிறுநீரகம் நின்றுபோயிருந்தது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "காய்ச்சல்னு மட்டும் சொல்லு. எலி, தண்ணின்னு வெளிய பேசாத. டூரிஸ்ட் காதுல விழுந்துறப் போகுது."

உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார், மாப்ள. கண்மாய் வாசலில், ஆள் உயரத்துக்கு மேல். கண்ணீர் அஞ்சலி. ஓரத்தில் மிதவைச் சட்டை போட்டு நீ சிரிக்கிறாய். உயிரோடு இருந்தவரை ஒருநாள் போடாத சட்டையைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டார்கள். நடுவில் கைகூப்பி நிற்கிற முதலாளி உன்னைவிடப் பெரிய சைஸ். காரியம் முடிந்ததும் ஃப்ளெக்ஸை இறக்கினார்கள். நல்ல கெட்டி ஷீட், வீணாக்குவானேன் என்று மோட்டாருக்கு மழை மறைப்பாகக் கட்டிவிட்டார்கள். தினமும் சாயங்காலம் உன் முகத்தை எடுத்து என்ஜின் மேல் போர்த்துவது என் வேலையாயிற்று. முகம் உள்பக்கமாக வரும்படிதான் போர்த்துவேன். வெயில் படாமல் இருக்கட்டும்.

உன் இடத்துக்கு ஒரு அண்ணன் வந்தார். உசிலம்பட்டிக்காரர். மாட்டு வியாபாரம் படுத்துப்போய், இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்க இந்த வேலைக்கு வந்தவர். டிராக்டர் கேள்வி அவருக்கும் கேட்கப்பட்டது.

உன் கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் உங்கம்மா கண்மாய்க்கே வந்துவிட்டார்கள். பஸ் மாறி மாறி, தனியாக, கையில் ஒரு துணி மூட்டையோடு.

"எங்க கம்மாயில சொட்டுத் தண்ணி இல்லய்யா. பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. அவன் துணிமணியத் தண்ணியிலதானய்யா விடணும். காஞ்ச தரையில எப்பிடிப் போடுவேன்? அவன் படகு ஓட்டுன தண்ணியிலயே விட்டுட்டுப் போயிர்றேன்."

முதலாளி இல்லாத நேரம். அண்ணனும் நானும் உங்கம்மாவைப் படகில் ஏற்றினோம். அதற்கு முன்னால் அவர்கள் படகில் ஏறியதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் தடவி, "இங்கனதான் உக்காருவானா?" என்றார்கள். ஆமாம் என்றேன். நடுக்கண்மாயில் அண்ணன் மோட்டாரை அணைத்தார். மூட்டையை அவிழ்த்தார்கள். காக்கிச் சட்டை, போர்வை, உன் நீலக்கட்டம் போட்ட லுங்கி, பைக் சைலன்சர் பட்டுப் பொசுங்கிய ஓட்டையோடு. ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்கள். துணி காற்றைப் பிடித்துக் கொஞ்ச நேரம் உப்பிக்கொண்டு நின்றது. அப்புறம் இறங்கிப்போனது. தண்ணீரில் துணி விடுகிறவர்கள் எத்தனை பேரை நாம் கரையிலிருந்து கத்தித் துரத்தியிருப்போம். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அண்ணனுக்கும்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவர் துணி விடுகிறபோது காத்தாடி எவனுக்கு ஞாபகம் வரும்?

"மொதலாளி நல்லவரு போல. எம்புட்டுப் பெரிய படம் வச்சாராமே" என்றார்கள் இறங்கும்போது. 

அடுத்த லீவுநாளில் படகு நடுவில் முனகிக்கொண்டு நின்றது. காற்று அதை மடைப் பக்கம் தள்ளியது. அண்ணன் பதறி ஆக்ஸிலேட்டரை முழுசாகத் தள்ளியிருக்கிறார். பாதி சிக்கின காத்தாடி மடைக் கல்லில் அடித்தது. இறக்கை உடைகிற சத்தம் கரைக்கே கேட்டது. நான் மிதிபடகை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அண்ணன் கத்தியோடு இறங்கிவிட்டார். மேலே ஒரு குடும்பம் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. அவர் தலையை வெளியே நீட்டி, கையில் வந்த துணியைப் படகுக்குள் எறிந்தார். நீலக்கட்டம். பொசுங்கின ஓட்டை.

"அண்ணே, ஏறுங்க. முதல்ல மேல ஏறுங்க!"

"இரு தம்பி, கொஞ்சந்தான் மிச்சம்..."

ஏறினபோது கால் கிழிந்திருந்தது. சேற்றுக்குள் கிடந்த பாட்டில் கண்ணாடி. ரத்தம் வெள்ளைத் தரையில் சொட்டச் சொட்ட அந்தக் குடும்பம் காலைத் தூக்கிக்கொண்டது. அண்ணன் சிரித்தார். "ஒண்ணுமில்ல தம்பி. மாடு மிதிச்சதை விடவா?"

அண்ணனை வண்டியில் உட்கார வைத்து நேராகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே சொன்னேன், சாக்கடைத் தண்ணீர், கால் கிழிஞ்சிருக்கு, இதே தண்ணீரில் இறங்கின என் கூட்டாளி எலிக்காய்ச்சலில் செத்துட்டான் என்று. அன்றைக்கே மருந்து கொடுத்தார்கள். அப்புறம் தினமும் காலையில் அண்ணனைப் பார்த்ததும் என் முதல் கேள்வி, "காய்ச்சல் அடிக்குதாண்ணே? கெண்டைக்கால் கடுக்குதா?" என்பதுதான்.

"நீ கேட்டுக் கேட்டே எனக்குக் காய்ச்சல் வந்துரும் போலயேப்பா" என்றார். வரவில்லை. உனக்கு யாராவது இப்படி முதல் நாளே சொல்லியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முதலாளிக்கு உடைந்த காத்தாடிதான் கவலை. "ஸ்டீல்ல வாங்கிட்டு வா. உடையவே கூடாது. நல்லா ஸ்பீடாப் போறதா பாரு. போற வேகத்துல டூரிஸ்ட் மூஞ்சில தண்ணி தெறிக்கணும்." அந்தத் தண்ணீர்!

அதற்குத்தான் அந்த பஸ் பயணம். கடலே இல்லாத நம் ஊரில் படகுச் சாமான் யார் விற்பார்கள்? பம்புசெட் உதிரி விற்கிற ஒரு பாய், கடற்கரைப் பக்கமிருக்கிற மச்சான் மூலமாக வரவழைத்துத் தருவார். கடைக்குள் நுழைந்ததும் ஊதுபத்தியை ஏற்றினார். என் சாக்குக்காகத்தான். பழைய காத்தாடியைப் பிரித்து, தண்டு நுழைகிற ஓட்டைக்குள் இருக்கிற பற்களைப் புதியதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். அடிப்பக்கத்தில் இறுகியிருந்த துணியை பிளேடால் அறுத்து எடுத்துக் குப்பைக்கூடைக்கு நீட்டினார். "அது எனக்கு வேணும் பாய்" என்று வாங்கிக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

செய்தித்தாளை விரித்து மூன்றை வைத்தார். ஒன்று நம் பழையது மாதிரியே அலுமினியம். ஒன்று முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிற ஸ்டீல். மூன்றாவதைப் பார்த்ததும் கையில் எடுத்துக்கொண்டேன். உன் செல்போனில் இருந்த பெண், மாப்ள. கறுப்புக் கலர். மூன்று இறக்கையும் பின்னால் சாய்ந்து, அருவா வளைவு.

"உங்க முதலாளி கேக்கிறது இது" என்று ஸ்டீலைத் தட்டினார். "கல்லுல மோதுனாலும் ஒண்ணும் ஆகாது."

"அப்ப எது ஆகும் பாய்?"

"உள்ள கியர் போகும். காத்தாடி உடையலைன்னா அந்த அடி உள்ளதான இறங்கும்? ஏதோ ஒண்ணு உடைஞ்சுதான் தம்பி ஆகணும். அலுமினியம்னா ஈசியா மாத்திறலாம்."

ஈசியாக மாற்றக்கூடியது. அந்தக் கண்மாயில் அப்படி எது என்று எனக்குத் தெரியும். மோட்டார் உடையக் கூடாது, சீட்டு குறையக் கூடாது, ஏலத்துக்கு நஷ்டம் வரக் கூடாது. நீ போனாய், டிராக்டர் ஓட்டத் தெரிந்த இன்னொருத்தர் வந்தார். விரலால் ஸ்டீலின் ஓரத்தைத் தடவினேன். கத்தி மாதிரி இருந்தது. சகதித் தண்ணீருக்குள் ஒரு மனுஷன் கண் தெரியாமல் கையால் தடவப்போகிற ஓரம் அது.

படகில் எத்தனை பேர் ஏறுவார்கள், முழு ஆள் ஏறினால் என்ஜின் திணறுமா என்று பாய் கேட்டார். திணறும் என்றேன். "அப்ப வேகத்துக்குச் செஞ்சதை எடுக்காதீங்க. ஒரு சுத்துக்குக் கொஞ்சமா முன்னேறுற காத்தாடி எடுங்க. வேகம் குறையும், இழுவை நல்லா இருக்கும்." அந்தச் சாய்ந்த இறக்கையிலேயே அப்படி ஒன்று இருந்தது. அதையே கட்டச் சொன்னேன்.

கட்டிக்கொண்டே பாய் சொன்னார். "புல்லு, தாமரை வேரு எல்லாத்தையும் இது வழுக்கி விட்டுரும். ஆனா துணியை விடாது தம்பி. துணிக்குத் தப்புன காத்தாடின்னு உலகத்துல எதுவும் கெடையாது. சிக்குனா மோட்டாரைத் தூக்கி எடுத்துக்கங்க, அம்புட்டுத்தான்."

நூலைக் கடித்து முடிச்சுப் போட்டுப் பொட்டலத்தை நீட்டினார். எனக்கு வாங்கக் கை வரவில்லை. நீ ஆசைப்பட்டது அன்றைக்கே வந்திருந்தாலும் நீ இறங்கித்தான் இருப்பாய், மாப்ள. கொஞ்சம் குறைவாக இறங்கியிருப்பாய். புல்லுக்கு இறங்கியிருக்க மாட்டாய். சேலைக்கு, கோரைப்பாய்க்கு, போர்வைக்கு இறங்கியிருப்பாய். நமக்கு வேண்டியிருந்தது புதுக் காத்தாடி மட்டும் இல்லை.

மறுநாள் கண்மாய் திறப்பதற்கு முன்னால் போய்விட்டேன். உன் முகத்தை எடுத்து மடித்து வைத்தேன். கரையேற்றிக் கிடந்த படகின் மோட்டார்த் தண்டில் கிரீஸ் தடவி, புதியதை ஏற்றி, நட்டை முறுக்கி, கம்பிப் பின் போட்டு வளைத்துவிட்டேன். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதே கையோடு நான் பின்னால் போய்க் கடைசி சீட்டின் மெத்தையைத் தூக்கினேன்.

"தம்பி, என்ன பண்ற?"

"இதைக் கழட்டப் போறேன்."

"மொதலாளி கத்துவாரு."

"கத்தட்டும்ணே."

போல்ட்டின் தலை மேலே இருக்கிறது. நட்டு தரைக்கு அடியில், கையை வளைத்து உள்ளே விட்டால்தான் எட்டும். மேலே திருகினால் அடியில் நட்டும் கூடச் சுற்றுகிறது. இரண்டு பேர் வேண்டும். நான் அண்ணனிடம் கேட்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறவரிடம் எப்படிக் கேட்பது? சும்மா சுற்றிக்கொண்டிருந்த போல்ட்டைச் சும்மா திருகிக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"அந்த இன்னொரு ஸ்பேனரை எடு" என்றார். மல்லாக்கப் படுத்துக் கையை உள்ளே விட்டார். "ம். திருகு."

துருப்பிடித்த போல்ட். ஒவ்வொன்றும் கத்திக்கொண்டு வந்தது. சட்டத்தைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு, படகைத் தண்ணீரில் தள்ளி, மோட்டாரின் தலையைப் பிடித்துச் சாய்த்தோம். தடையில்லாமல் சாய்ந்தது. சாய்ந்த இறக்கைக் காத்தாடி தண்ணீரிலிருந்து எழுந்து நம் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நம் முகத்துக்கு என்று கை தானாக எழுதுகிறது. அண்ணன் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். தண்ணீர் தெறித்தது.

முதலாளி வந்ததும் முதலில் காத்தாடியைப் பார்த்தார். அதற்குத் தனியாகத் திட்டு. பிறகு சீட்டைப் பார்த்தார்.

"எவன்டா கழட்டுனது?"

"நான்."

"கூட எவன்?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

அண்ணன் வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னேன். முதலாளி நம்பிவிட்டார். அந்தப் போல்ட்டை ஒற்றை ஆளாகக் கழற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியாது. ஸ்பேனர் பிடித்த கையா அது?

"செத்தவனுக்கு நியாயம் கேக்குறியோ?" என்றார்.

"அவனுக்கு இனிமே என்ன கேக்கிறது? இருக்கிறவனுக்குத்தான் கேக்குறேன்."

எனக்கு அதோடு வேலை போயிற்று. ஏதோ பெரிதாகச் செய்துவிட்டேன் என்று எழுதவில்லை. சாக்கடை இன்னும் அதே வாய்க்காலில்தான் வருகிறது. கூட்டம் இன்னும் வருகிறது. டிரைவருக்கு இன்னும் மிதவைச் சட்டை இல்லை. அத்தா என்னிடம் பேசுவதில்லை. அண்ணனிடமிருந்து மட்டும் நேற்று போன் வந்தது.

"தம்பி, சீட்டு அப்படியே கரையிலதான் கெடக்கு. ஆளு கூட்டியாந்து மாட்டுறேன்னாரு, இன்னும் மாட்டல. இன்னிக்கு ஒரு சேலை சிக்குச்சு. மோட்டாரைச் சாய்ச்சு, உக்காந்த எடத்துலயே அறுத்துட்டேன்." போனை வைக்கும்போது சொன்னார். "கால் நனையலப்பா."

அதை உங்கம்மாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் அந்த லுங்கி எங்கே போய்ச் சுற்றியது என்பதையும் சொல்ல வேண்டி வரும். அது அவர்களுக்குத் தெரியவே வேண்டாம். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பாய் கடையில் வாங்கிய உன் லுங்கித் துணியில் அந்த நான்கு போல்ட்டையும் முடிந்து வைத்திருக்கிறேன். வேலை கேட்டுப் போகிற இடத்துக்கெல்லாம் சட்டைப் பையில் கனத்துக்கொண்டு வருகிறது. அதே அளவு போல்ட் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், மாப்ள. முதலாளி நினைத்தால் நாளைக்கே வாங்கி மாட்டிவிடலாம். அது தெரிந்துதான் வைத்திருக்கிறேன்.